ஆறாவது திருத்தம்

"இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலைன்னா அந்த அம்மா லைப்ரரி சாவியை என் மேஜையில வச்சுட்டுக் கிளம்பிடலாம்."

சொன்னவர் சின்னவர். வயது அறுபத்தாறு. தலையில் கறுப்பு என்று ஒரு முடிகூட மிச்சமில்லை. ஆனாலும் அந்த வக்கீல் ஆபீசில் அவர் சின்னவர்தான். அவருடைய அப்பா பெரியவராக வாழ்ந்து, இறந்து, வரவேற்பறைச் சுவரில் ஓவியமாகி இருபது வருடம் ஆகியும் அந்தப் பட்டம் கைமாறவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்தவள் துருவி. போலீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, பிடிக்காமல் வெளியே வந்து, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்டு ஆளைத் தேங்காய் மாதிரி துருவிவிடுவாள் என்று டிபார்ட்மென்டில் யாரோ வைத்த பெயர். அம்மா போன பிறகு வீட்டில் அவளைச் சொந்தப் பெயரால் கூப்பிட ஆளில்லாததால் இப்போது அதுவே அவள் பெயர் ஆகிவிட்டது.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய உதவியாளர். முன்னாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். எந்த நேரமும் வாய் ஓடிக்கொண்டிருப்பதால் எல்லோருக்கும் ரேடியோ.

"ஒரு புத்தகத்துக்குத் திருத்தம் சொன்ன குற்றத்துக்கு ஆளைத் தேடறது எனக்கு இதுதான் முதல் தடவை சார்," என்றார் ரேடியோ. "எங்க தமிழ் வாத்தியார் மேல நான் எத்தனை கேஸ் போட்டிருக்கலாம்!"

சின்னவர் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்த ஆபீஸ் தொடங்கி நூற்றுப்பத்து வருடம் ஆகியிருந்தது. அதையொட்டி ஆபீசின் வரலாற்றைப் புத்தகமாகப் போட ஏற்பாடு. எழுதியது ஆபீஸ் நூலகர் அம்மா. அச்சுக்குப் போகும் முன் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் முன்கூடத்துச் சுவரில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். பழைய ஆட்கள் வந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறந்தார் சின்னவர். உள்ளே கையெழுத்து இல்லாத சில சீட்டுகள். எல்லாம் ஒரே ஆள், பென்சிலால் எழுதியவை.

"அஞ்சு சீட்டு," என்று மேஜை மேல் பரப்பினார். "இதெல்லாம் வெளியாளுக்குத் தெரிய வழியே இல்ல. பழைய ஃபைலைத் தொடற ஆள் இங்க ஒருத்தர்தான்."

"நூலகர் அம்மாவே எழுதின புத்தகத்துக்கு அவங்களே மொட்டைத் திருத்தம் போடுவாங்களா?" என்று கேட்டாள் துருவி.

"நான் போடச் சொன்னதை எழுதிட்டு, நிஜத்தை இப்படிப் போட்டிருக்கலாம் இல்லையா?"

துருவி சீட்டுகளை எடுத்துக்கொண்டாள்.

நூலகம் இரண்டாம் மாடியின் கடைசியில் இருந்தது. ஜன்னல் ஒன்று, ஏணி ஒன்று, கூரை வரை கட்டுக்கட்டாகக் காகிதம். நூலகர் அம்மா ஏற்கெனவே தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குடை, ஒரு பசைக் குப்பி, மூக்குக்கண்ணாடிக் கூடு. இருபத்துநான்கு வருடத்துக்கு அந்தப் பெட்டி பாதிகூட நிறையவில்லை.

"நான் எழுதலைங்க," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "ஆனா எழுதினவங்க சொல்றது எல்லாம் சரின்னுதான் தோணுது. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். மூணு வருஷம் ராப்பகலா இந்தக் காகிதத்தோட மல்லுக்கட்டினேன். ஒரு காகிதத்துலயும் இல்லாதது இந்தச் சீட்டுல இருக்கு."

துருவி முதல் சீட்டைப் படித்தாள். 'பக்கம் 9. நிறுவனர் தன் முதல் வழக்கில் ஜெயித்தார் என்பது தவறு. முதல் இரண்டும் தோல்வி. பெரியவர் இதைப் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.'

"பெரியவர் பக்கத்துல இருந்து கேட்ட ஆள்," என்றார் ரேடியோ.

அடுத்தது. 'பக்கம் 88. துறைமுகக் கிளையைத் திறந்த அன்று பெரியவர் வரத் தாமதம். பூட்டைத் திறந்தது கிளை எழுத்தர் அம்மா.'

நூலகர் அம்மா அந்த நிலைமையிலும் பக்கென்று சிரித்துவிட்டார். "இது ஒண்ணுதான் தப்பு. துறைமுகக் கிளையில அம்மாவே கிடையாதுங்க. அந்த எழுத்தர் ஆறடி ஆள். மீசை இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும். ஆனா குரல் மட்டும் கீச்சுக் குரல், சின்னப் பொண்ணு மாதிரி."

துருவி அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

மூன்றாவது. 'பக்கம் 120. இரண்டு பங்குதாரர்கள் மனஸ்தாபத்தால் பதினோரு வருடம் பேசிக்கொள்ளவில்லை என்பது தவறு. நேரில்தான் பேசவில்லை. தினமும் காலை பத்தேகாலுக்குப் பேசினார்கள்.'

"பக்கத்துப் பக்கத்து ரூம்ல உக்காந்துகிட்டு, மூஞ்சியைப் பாக்காம தினமும் பேச்சு," என்றார் ரேடியோ. "என் வீட்டுல சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல நடக்கறதுதான். ஆனா நாங்க கத்துவோம். இவங்க எப்படிப் பேசியிருப்பாங்க?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன்," என்றாள் துருவி.

நான்காவது சின்ன விஷயம். ஒரு பழைய பங்குதாரர் கடைசி நாளன்று 'அனைவருக்கும் நன்றி' என்று சொல்லிவிட்டுப் போனதாகப் புத்தகம் சொன்னது. அவர் கடைசியாகச் சொன்னது 'மழை விட்டுடுச்சான்னு பாத்துச் சொல்லும்மா' என்று திருத்தியிருந்தது சீட்டு.

ஐந்தாவதைத் துருவி இரண்டு தடவை படித்தாள். 'பக்கம் 163. நாலாவது பங்குதாரர் உடல்நலக் குறைவால் விலகவில்லை. விலக்கப்பட்டார். அவர் மேல் சொன்ன குற்றத்தை அவர் செய்யவில்லை.'

"அது என்ன குற்றம்?" என்றாள் துருவி.

நூலகர் அம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆத்துல ஒரு படகு கவிழ்ந்தது. செத்தவங்க குடும்பங்களுக்காகப் படகுக் கம்பெனி மேல இந்த ஆபீஸ்தான் வழக்கு நடத்துச்சு. கம்பெனியோட மெக்கானிக்கே இவங்க பக்கம் சாட்சி. 'இன்ஜின் பழுதுன்னு முன்னாடியே சொன்னேன்'னு சொல்றதா இருந்தான். அவன் பேரு ரகசியம். எப்படியோ எதிர்த்தரப்புக்குத் தெரிஞ்சு போச்சு. கோர்ட்டுல கூண்டுல ஏறி நின்னு, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டான். வழக்கு தோத்துப் போச்சு. நாலாவது பங்குதாரரோட மச்சினன் எதிர்த்தரப்பு ஆபீஸ்ல இருந்தார். பழி அவர் தலையில விழுந்துடுச்சு. புத்தகத்துல அதை அப்படியே எழுதினேன். சின்னவர் அடிச்சுட்டு 'உடல்நலக் குறைவு'ன்னு போடச் சொன்னார்."

முன்கூடத்தில் பக்கங்கள் இன்னும் சுவரில் ஒட்டியபடியே இருந்தன. வாசல் காவல்காரரிடம் துருவி பேச்சுக் கொடுத்தாள். பழைய ஆட்கள் வந்தார்கள், ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள், போட்டோவில் தங்கள் முகத்தைத் தேடினார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"தனியா வந்தவங்க யாராவது?"

"ஒரு வயசான அம்மா வந்தாங்க. மூணு நாள் தொடர்ந்து. பாவம், ஊமை."

"ஊமையா?"

"ஆமாம்மா. யாரு என்னன்னு கேட்டேன், கையாலேயே பதில் சொன்னாங்க. பென்சில் வேணும்னு விரலை இப்படி இப்படி ஆட்டிக் கேட்டாங்க. அந்த நேரம் பழைய ஆளுங்க ஏழெட்டுப் பேரு கூடத்துல நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. ஒருத்தர்கூட இவங்களைத் திரும்பிப் பாக்கல. இவங்கதான் அவங்க பேசறதையே நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. கண்ணை மூடிக்கிட்டு."

துருவி சட்டென்று திரும்பிச் சுவர் வரிசையில் பின்னோக்கி நடந்தாள். ஐம்பத்து நான்காம் பக்கத்தில் நின்றாள். அதில் ஒரு பழைய போட்டோ. 'நகரில் சொந்தமாகத் தொலைபேசி இணைப்பகம் வைத்த முதல் வக்கீல் அலுவலகம்' என்று கீழே எழுதியிருந்தது. பலகை, அதில் தொங்கும் கம்பிகள், முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் யாரும் இல்லை.

"ரேடியோ, ஊமை இல்லாத ஒருத்தி எதுக்கு மூணு நாள் ஊமையா இருக்கணும்?"

"என் பெண்டாட்டியா இருந்தா கோபம்னு அர்த்தம்."

"வாயைத் திறந்தா தெரிஞ்சுபோயிடும். அந்த ஏழெட்டுப் பேருக்கும் முகம் தெரியாது, குரல் தெரியும். அவளுக்கும் அப்படித்தான். ஆறடி மீசைக்காரனை அம்மான்னு எழுதியிருக்கா, ஏன்னா அவனைப் பார்த்ததே இல்ல, கேட்டிருக்கா. பேசாத ரெண்டு பேர் தினமும் பேசினது அவளுக்குத் தெரியும், ஏன்னா சேர்த்து வச்சதே அவதான்."

ரேடியோ போட்டோவையும் துருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "டெலிபோன் ஆபரேட்டர்!"

மறுபடி மாடிக்கு ஓடினார்கள். நூலகர் அம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆபரேட்டரம்மா! மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. வாசல் பின்சந்துல. எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி வந்து, எல்லாரும் போன பிறகு போவாங்க. முப்பத்தெட்டு வருஷம் இருந்திருக்காங்க. பதிமூணு வருஷம் நான் தினமும் அவங்ககிட்டப் பேசியிருக்கேன். ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். அதுவும் முதுகை. நேரடி லைன் வந்ததும் அனுப்பிட்டாங்க. ஐயோ, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்துல எழுத எனக்கு அவங்க ஞாபகமே வரலையே!"

பழைய ஊழியர் பதிவு அட்டைகளில் முகவரி கிடைத்தது. அட்டையில் புகைப்படம் ஒட்ட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

நகரத்தின் மறுகோடியில் நாலு மாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடி. மதியம் இரண்டரை மணி. கதவைத் திறந்தவள் ஒல்லியான, சிறிய பெண்மணி. இடது தோள் கொஞ்சம் உயர்ந்திருந்தது, காதுக்கும் தோளுக்கும் நடுவே எதையோ இடுக்கிக்கொண்டிருப்பது போல.

"வணக்கம்மா. வக்கீல் ஆபீஸ்லேர்ந்து வர்றோம்," என்றாள் துருவி.

அந்தப் பெண்மணி முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு பேசினாள். அப்படி ஒரு குரல். அறுபத்தெட்டு வயதுக் குரல் இல்லை அது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்த மாதிரி.

"நீங்க வக்கீல் ஆபீஸ் இல்லையே. போலீஸ் ஆச்சே. இருபது வருஷம் முன்னாடி ஒரு திருட்டு கேஸ் விஷயமா மூணு நாள் கூப்பிட்டீங்க. மூணாவது நாள் உங்களுக்குச் சளி பிடிச்சிருந்தது. உள்ள வாங்க."

துருவி வாசலிலேயே நின்றாள். தனக்குச் சளி பிடித்ததை உலகத்தில் ஒருத்தி இருபது வருடமாக ஞாபகம் வைத்திருக்கிறாள். அம்மாவைத் தவிர வேறு யாரும் செய்யாத வேலை.

ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியின் மேல் மடித்த துணிகள் இருந்தன. அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னாள். ரேடியோ சுவரோரம் நின்றுகொண்டார்.

"திருத்தம் எழுதினது நான்தான்," என்றாள், கேட்பதற்கு முன்பே. "காதுல விழுந்தது வாய்க்கு வரக்கூடாதுன்னு வேலையில சேர்ந்த அன்னிக்குச் சொன்னாங்க. நாப்பத்தொம்பது வருஷம் ஆச்சு, வரல. ஆனா அச்சுல போடறாங்களேம்மா. நாளைக்கு அந்த நாலாவது பங்குதாரரோட பேரன் படிப்பான். உடம்பு சரியில்லாம விலகினார்னா, எல்லாரும் பேசிக்கிட்டது நிஜம், கௌரவத்துக்காக மறைச்சிருக்காங்கன்னு நினைப்பான்."

"நாலாவது பங்குதாரர் செய்யலைன்னு எப்படித் தெரியும்?"

"வேற ஒருத்தர் செஞ்சதை நான் கேட்டேனே. அதான் எழுதியிருக்கேனே."

"எங்க எழுதியிருக்கீங்க?"

"ஆறாவது சீட்டுல."

துருவியும் ரேடியோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்ககிட்டக் கொடுத்தது அஞ்சுதாம்மா," என்றார் ரேடியோ மெதுவாக.

"ஆறு போட்டேன். கடைசிச் சீட்டுல ஒரே வரி. 'சாட்சியின் பெயரைச் சொன்னவர் சின்னவர்.'"

வெளியே எந்த வீட்டிலோ குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது.

அவள் சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. சின்னவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. எதிர்த்தரப்பு ஆபீசில் அவருடைய கல்லூரித் தோழன் ஒருவன். ஒரு மத்தியானம் போனில் இரண்டு பேரும் வம்பளந்தார்கள். தோழன் சீண்டினான், நீ எல்லாம் அப்பா நிழலில் நிற்கிற வக்கீல் என்று. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. 'பாத்துக்கிட்டே இரு, உங்க மெக்கானிக்கே எங்க பக்கம்' என்று சொல்லி, பெயரையும் சொல்லிவிட்டார். அடுத்த நொடியே 'டேய், இதை வெளிய சொல்லிடாதே' என்றார். தோழன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்படி இருந்தது என்பதைக்கூட அவள் சொன்னாள்.

"லைன் சரியா இருக்கான்னு பாக்கக் காதுல வச்சேன். எடுத்திருக்கணும். எடுக்கல. பழி வேற ஆள் மேல விழுந்தப்போ சின்னவர் சொல்லிடுவார்னு காத்திருந்தேன். அவர் சொல்லல. நான் யாரும்மா சொல்றதுக்கு? மாடிப்படிக்குக் கீழே இருக்கறவ." அவள் விரல்கள் மேஜை ஓரத்தில் எதையோ செருகுவது போல அசைந்தன. "அதுகூடப் பரவாயில்ல. வெளியே அனுப்பின பிறகு நாலாவது பங்குதாரர் தினமும் கூப்பிட்டார். பெரியவர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும்னு. கொடுக்காதேன்னு எனக்கு உத்தரவு. மூணு மாசம், தினமும், ஐயா வெளிய போயிருக்கார்னு நான் சொன்னேன். பொய்யின்னு அவருக்குத் தெரியும். ஒருநாள்கூடக் கோபப்படல. 'சரிம்மா, நாளைக்குக் கூப்பிடறேன்'பார். ஒருநாள் கூப்பிடல. அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல."

"இப்ப இருக்காரா?"

"இருக்கார். எழுபத்தேழு வயசு. வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நம்பருக்குப் போட்டுப் பாப்பேன். அவர் ஹலோம்பார். வச்சுடுவேன்." தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அவர் ஹலோவும் வருஷா வருஷம் மெலிஞ்சுகிட்டே வருது."

துருவி எழுந்திருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் எத்தனையோ வாக்குமூலம் வாங்கியிருக்கிறாள். இப்படி, இத்தனை வருடம் யாராவது கேட்பார்களா என்று காத்திருந்து சொன்ன வாக்குமூலம் ஒன்றுகூட இல்லை.

"சின்னவர்கிட்ட உங்களைச் சொல்லட்டுமா? வேண்டாம்னா சொல்லமாட்டேன். ஆனா சாயங்காலம் அஞ்சு மணிக்கு நூலகர் அம்மாவுக்கு வேலை போகுது."

"அந்தப் பொண்ணுக்கா? காலையில குட்மார்னிங் சொல்ற பொண்ணாச்சே!" அவள் பதறிப்போனாள். "சொல்லுங்க. என்னை ஒண்ணும் பண்ண முடியாது. ஏற்கெனவே யாரும் கூப்பிடறதில்ல."

நாலே முக்காலுக்குச் சின்னவரின் அறைக் கதவைத் தட்டினார்கள். மேஜை மேல் நூலகச் சாவி ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது.

"யாரு?" என்றார் சின்னவர்.

"முதல்ல ஆறாவது சீட்டைக் கொடுங்க சார்," என்றாள் துருவி.

சின்னவரின் கை மேஜை மேல் அப்படியே நின்றது.

"அஞ்சு நோயைச் சொல்லி ஆறாவதை மறைச்சா டாக்டர் எப்படி சார் மருந்து எழுதறது?" என்றார் ரேடியோ. வழக்கத்துக்கு மாறாக அவர் குரலில் கேலி இல்லை.

சின்னவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. ஒரே வாரத்தில் எத்தனை தடவை பிரித்துப் படித்திருப்பார் என்று துருவி நினைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்குப் பயந்தேன்," என்றார். "அப்புறம் அப்பா போயிட்டார். யாருக்குப் பயந்தேன்னு தெரியல. அந்த ரூம்ல நானும் போனும்தான் இருந்தோம். வேற யாருக்கும் தெரிய வழியே இல்ல."

"போனுக்கு ரெண்டு முனை இல்ல சார், உங்க ஆபீஸ்ல மூணு. மாடிப்படிக்குக் கீழே ஒருத்தங்க இருந்தாங்க."

அவர் கண்கள் விரிந்தன. சீட்டைப் பார்த்தார். "நூறு தடவை யோசிச்சேன். டிரைவர், குமாஸ்தா, அந்தத் தோழனோட பெண்டாட்டி, எல்லாரையும். இவங்க என் நினைப்புக்கே வரல. தினமும் ஆயிரம் தடவை 'சொல்லுங்க சார்'னு சொன்ன குரல்."

துருவி தன் செல்போனில் ஆபரேட்டரம்மாவின் எண்ணைப் போட்டு, மேஜை மேல் அவர் முன்னால் வைத்தாள். நூலகச் சாவியை எடுத்து ரேடியோவிடம் கொடுத்தாள். ரேடியோ அதை வாங்கிக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போனார்.

மணி இரண்டு தடவை அடித்தது. "சொல்லுங்க சார்," என்றது குரல்.

சின்னவர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். "அவர் நம்பர் இருக்காம்மா? சேர்த்து விடுங்க," என்றார்.

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று துருவிக்குக் கேட்கவில்லை. சின்னவர் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல விறைப்பாக நின்றுகொண்டே காத்திருந்தார். பிறகு, "ஆமா, நான்தான்," என்றார். "இல்ல, வைக்காதீங்க... நீங்க சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் சரி. நான் கேக்கறேன்."

துருவி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

போன் அவள் கைக்குத் திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. கொண்டுவந்து கொடுத்த சின்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்து, நூலகர் அம்மாவைக் கூப்பிட்டு, அச்சு வேலையை நிறுத்தச் சொன்னார். நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். அதில் தன் பெயர் இருக்கும் என்றும், செத்தவர்களின் குடும்பங்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுத வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அறைக்குள் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்தார்.

ரேடியோ வீட்டுக்குக் கிளம்பினார். மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாளாம், மூன்றாவது தடவை கூப்பிட்டால் அது அழைப்பு இல்லை, வாரண்ட் என்றார். துருவி மட்டும் வாசல் படியில் நின்றாள். ஆபீஸ் முடிந்து எல்லோரும் எங்கோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவசரம் இல்லை.

கையில் போன் அடித்தது.

"அம்மா, நான்தான்," என்றது அந்தக் குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது. "ரெண்டு பேரையும் சேர்த்து விட்டுட்டு, போனைத் தலகாணிக்கு அடியில வச்சுட்டு வெளிய வந்து நின்னுட்டேன். இந்த ஒண்ணை நான் கேக்கல. கேக்கக்கூடாதுன்னு தோணுச்சு." பிறகு குரல் தாழ்ந்தது. "ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. என்னம்மா ஆச்சு?"

துருவி படியில் உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, சின்னவரின் கதவைத் தட்டியதிலிருந்து தொடங்கி, நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.